சைகோன் தெருக்கடையில் சாப்பிடலாமா? காங்கேயத்துத் தம்பி கேட்டதற்குப் பதில்

கேள்வி இதுதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் 26 வயதுத் தம்பி, அடுத்த மாதம் வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்கு (பழைய பெயர் சைகோன்) இரண்டு வருஷ வேலைக்குப் போகிறார். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். கோழி, ஆடு, மீன் சாப்பிடுவார், மாடும் பன்றியும் வேண்டாம், அமாவாசைக்குச் சைவம். "அங்கே எல்லாரும் ரோட்டுக்கடையில்தான் சாப்பிடுகிறார்களாம். நானும் சாப்பிடலாமா, இல்லை ரைஸ் குக்கரைக் கொண்டுபோய் ரூமிலேயே பொங்கிக்கொள்ளட்டுமா? அம்மா ரொம்பப் பயப்படுகிறார்" என்று கேட்கிறார்.

சாப்பிடுங்க தம்பி. குக்கரையும் கொண்டு போங்கள், உடம்புக்கு முடியாத நாளில் கஞ்சி வைக்க ஆகும். ஆனால் அதை மட்டும் நம்பி இரண்டு வருஷத்தை ஓட்டாதீர்கள். நான் 2012-இல் அதே ஊருக்குப் போனவன். பின் தான் என்ற பகுதியில் ஒரு ஆடை ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் ஆறு வருஷம் இருந்தேன். இப்போது கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கிறேன். முதல் மூன்று வாரம் நானும் நீங்கள் யோசிப்பதைத்தான் செய்தேன். காலையில் அரிசியும் பருப்பும் குக்கரில் போட்டு, மத்தியானத்துக்கு டப்பாவில் கட்டிக்கொண்டு போவேன். அரிசிம்பருப்புச் சோற்றை எத்தனை நாளைக்கு வேண்டுமானாலும் சாப்பிடுவேன், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மணி அடித்ததும் ஆலையில் இருக்கிறவர்கள் எல்லாம் கும்பலாக வாசல் பக்கம் போய்விடுவார்கள். நான் மட்டும் டப்பாவைத் திறந்துகொண்டு தனியாக உட்கார்ந்திருப்பேன். மூன்று வாரம் ஆகியும் லைனில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நம் ஊரில் யார் வந்தாலும் "சாப்டீங்களா" என்று கேட்கிறோமே, அவர்களும் பார்த்தவுடன் அதையேதான் கேட்பார்கள்: "ஆன் கம் சுவா?" சோறு தின்றாச்சா என்று அர்த்தம். அந்தக் கேள்விக்குத் தினமும் "ரூமில் தின்றுவிட்டேன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அங்கே யாரோடும் பழக முடியாது.

சரி, பயத்துக்கு வருவோம். அம்மாவின் பயம் நியாயமானது, அதைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் நாம் பயப்படுகிற பண்டம் ஒன்று, உண்மையில் பயப்பட வேண்டிய பண்டம் வேறொன்று. இது பிடிபட எனக்கு ஒரு வருஷம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன புதிதில் நம் கண்ணை உறுத்துவது விநோதமான பண்டங்கள். வறுத்த பூச்சி, நத்தை, கோழிக்கால், அப்புறம் ஹோத் வித் லோன் என்று சொல்லும் வாத்து முட்டை. உள்ளே குஞ்சு பாதி உருவான நிலையில் அதை வேக வைத்து, உப்பும் மிளகும் ஒரு வகைக் கீரைத் தழையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். பார்த்த அன்றைக்கு எனக்கு வயிற்றைப் புரட்டியது. இன்றைக்கு வரைக்கும் நான் அதைச் சாப்பிட்டதில்லை. ஆனால் சூடாக அவித்து, கண் முன்னால் ஓட்டை உடைத்துத் தருகிற அந்த முட்டையால் வயிற்றுக்குக் கெடுதல் வர வாய்ப்பு மிகக் குறைவு. என் மனசுக்குத்தான் ஆகவில்லை. மழைக்காலத்தில் ஈசல் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்கிற வழக்கம் நம் பக்கத்திலும் உண்டு. உங்கள் ஆத்தாவைக் கேட்டுப் பாருங்கள், ருசியைக்கூடச் சொல்வார். வெளியூர்க்காரர் ஒருவருக்கு அதைக் காட்டினால் அவர் முகம் எப்படிப் போகுமோ, அந்த முட்டையைப் பார்த்த என் முகமும் அப்படித்தான் போயிருக்கும்.

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். தியெத் கான் என்று ஒரு பண்டம். வாத்து அல்லது பன்றியின் பச்சை ரத்தத்தை உறைய வைத்து, மேலே வறுத்த நிலக்கடலையும் தழைகளும் தூவித் தருவார்கள். நம் ஊர் வெள்ளாட்டு ரத்தப் பொரியலுக்குப் பழகியவனுக்கு அது தூரத்துச் சொந்தம் மாதிரித் தெரியும். ஆனால் நாம் ரத்தத்தை வேக வைத்து, சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டுப் பொரிக்கிறோம். அது வேகாத ரத்தம். பன்றியின் பச்சை ரத்தத்தில் இருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற கிருமி மனிதனுக்குத் தொற்றி, மூளைக்காய்ச்சலும் நிரந்தரக் காது கேளாமையும் வருவது வியட்நாம் மருத்துவமனைகள் நன்றாக அறிந்த விஷயம். நீங்கள் பன்றி சாப்பிடுவதில்லை, சரி. வாத்து ரத்தம்தானே என்று யாராவது நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு பண்டத்தில் நட்புக்காகக்கூட இறங்கிப்போக வேண்டாம்.

இன்னொன்று, பார்த்தால் பயமே வராத பண்டம்: பான் மீ. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த நீள ரொட்டியைப் பிளந்து, உள்ளே ஈரல் விழுது, முட்டையில் அடித்த வெண்ணெய் மாதிரியான மயோனைஸ், இறைச்சித் துண்டுகள், ஊறவைத்த கேரட், முள்ளங்கி, கொத்தமல்லி எல்லாம் வைத்துத் தருவார்கள். பன் பட்டர் ஜாம் தின்று வளர்ந்த நமக்கு ரொட்டி என்றால் பத்திரமான பண்டம். ஆனால் 2024 மே மாதத் தொடக்கத்தில் தோங் நாய் மாகாணத்தின் லாங் கான் நகரில், ஒரே கடையில் பான் மீ வாங்கிச் சாப்பிட்ட 500-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அது ஈ ஓட்டுகிற கடை அல்ல, நல்ல கூட்டம் வருகிற கடை. கடும் வெயில் காலம். ரொட்டியில் தப்பில்லை. உள்ளே வைக்கிற பொருள்கள் முன்கூட்டியே செய்தவை, வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்கில் இருந்தவை. கிருமி பெருகுவதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அதனால் "கூட்டம் இருக்கிற கடையில் சாப்பிடு" என்று எல்லோரும் சொல்வது பாதிதான் சரி. கூட்டம் இருந்தால் பண்டம் சீக்கிரம் தீரும், அந்த மட்டில் நல்லது. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது சூடும் நேரமும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமி வேகமாகப் பெருகும், சமைத்த பண்டம் அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கொதிக்கிற குண்டானில் இருந்து மொண்டு ஊற்றுகிற நூடுல்ஸ் சாறு, கல்லில் இருந்து நேராகத் தட்டுக்கு வருகிற பண்டம், கரியடுப்பில் உங்கள் முன்னாலேயே வாட்டுகிற கோழி, இதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து அடுக்கி வைத்திருப்பது வராது.

இந்தப் பார்வை உங்களுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். திருப்பூரில் பொழுதோட வேலை முடிந்து காளான் கடைக்குப் போகிறீர்கள். அகலமான கல்லில் கொதித்துக்கொண்டிருப்பதை வாங்குவீர்கள். ஓரத்தில் ஆறிப்போய்க் காய்ந்து கிடப்பதைத் தள்ளினால் "அண்ணா, சூடா போடுங்க" என்பீர்கள். பரோட்டாக் கடையில் தட்டு கழுவும் வாளித் தண்ணீரை ஒரு பார்வை பார்ப்பீர்கள். இளநீரைச் சீவித் தந்தால் யோசிக்காமல் குடிப்பீர்கள், பழ ஜூஸ் என்றால் ஐஸ் எங்கிருந்து வந்தது என்று மனசு கேட்கும். இதை யாரும் உங்களுக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்து வந்தது. அயலூருக்குப் போனதும் இந்தக் கண்ணை மூடிக்கொண்டு, ஒன்று எல்லாவற்றுக்கும் பயப்படுகிறோம், இல்லை வீறாப்பாக எல்லாவற்றையும் தின்கிறோம். அந்தக் கண்ணை அங்கேயும் திறந்து வைத்திருந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. அவர்கள் வெள்ளனே எழுகிற சனம். ஆறு, ஆறரைக்கெல்லாம் சின்னச் சின்ன பிளாஸ்டிக் முக்காலிகளில் உட்கார்ந்து சூடான நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். காலைக் கடை பல இடத்தில் ஒன்பது, பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். காலைப் பண்டத்தைக் காலையிலும் மத்தியானப் பண்டத்தை மத்தியானத்திலும் சாப்பிடுங்கள். மூன்று மணிக்குப் போய் மீதியைக் கேட்காதீர்கள்.

ஆறு வருஷத்தில் எனக்கு ஒரே ஒரு தடவைதான் பலமாக வயிறு கெட்டது. இரண்டாவது மாதம். மத்தியானம் வாங்கிய கோழிச்சோற்றில் பாதியை மூடி எடுத்துப்போய், அறையில் மேசை மேல் வைத்து, இரவு எட்டு மணிக்குச் சூடு பண்ணித் தின்றேன். இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. அந்தக் கடைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை, மத்தியானம் அவர் போட்டது ஆவி பறக்கிற சோறு. அறைச் சூட்டில் கிடக்கிற சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி வளரும். அதன் வித்து, அரிசி வேகிற சூட்டிலும் சாகாது. அது விடுகிற நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. நம் வீட்டுப் பழைய சோற்றோடு இதை ஒப்பிடாதீர்கள். அது உடனே தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது, வழிமுறையே வேறு. ஆகவே பொட்டலம் வாங்கினால் அப்போதே சாப்பிடுங்கள், மீந்தால் கொட்டிவிடுங்கள். சோற்றைக் கொட்டுவதற்கு நமக்குக் கை வராது, தெரியும். அளவாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரை அந்த ஊர்க்காரர்களே குடிப்பதில்லை. ஐஸில் மட்டும் கவனம்: நடுவில் ஓட்டை உள்ள உருளை ஐஸ், தொழிற்சாலையில் இயந்திரத்தில் செய்து மூட்டையில் வருவது, பெரும்பாலும் பரவாயில்லை. பாளமாக வந்து சாக்கின் மேல் வைத்து உடைக்கிற ஐஸைத் தவிருங்கள். அப்புறம் பச்சைத் தழை. அங்கே எந்தச் சாப்பாட்டோடும் ஒரு கூடை நிறையப் புதினா, துளசி வகை, கீரை, வாழைப்பூச் சீவல் என்று வைப்பார்கள். அது இல்லாமல் அவர்களுக்குச் சாப்பாடே இல்லை. ருசியும் அதில்தான். ஆனால் பச்சைத் தழை எந்தத் தண்ணீரில் கழுவினது என்று நமக்குத் தெரியாது. முதல் மாதம் அதை ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் கொதிக்கிற சாற்றுக்குள் அமுக்கிச் சாப்பிடுங்கள். பழகிய கடை ஆன பிறகு யோசிக்கலாம்.

பழகிய கடை. இதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன். நீங்கள் பார்க்கிற வீடியோக்களில் ஒரே நாளில் பத்துக் கடையில் பத்துப் பண்டம் தின்று காட்டுவார்கள். மூன்று நாள் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது சரி. நீங்கள் அங்கே குடியிருக்கப் போகிறீர்கள். ஒரு கடையைப் பிடியுங்கள். ஆலை வாசலிலோ, அறைக்குப் போகிற சந்திலோ, சொந்தக் கையால் சமைக்கிற ஒருவரின் கடை. அங்கேயே தினம் போங்கள், ஒரே பண்டத்தைப் பதினைந்து நாள் சாப்பிடுங்கள். பதினாறாவது நாள் அவரே அடுத்த பண்டத்தை உங்களுக்கு அறிமுகம் செய்வார்.

என் கடை ஆலையின் பின் வாசலில் இருந்தது. கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, இரண்டு குண்டான், எட்டு முக்காலி, மேலே ஒரு நீலத் தார்பாய். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர். நாலாவது வாரம் கட்டிங் பிரிவில் இருந்த ஒரு பையன் என் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனான். அன்றைக்குத்தான் ஒரு விஷயம் கவனித்தேன். அங்கே யாரும் கடைக்காரரை வெறுமனே கூப்பிடுவதில்லை. வயதைப் பார்த்து முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். அக்கா வயது என்றால் "சி", அண்ணன் வயது என்றால் "ஆன்", அத்தை வயது என்றால் "கோ", தன்னைவிடச் சின்னவர் என்றால் "எம்". கூடவே "ஒய்" என்று இழுத்தால் கூப்பிட்டதாகிவிடும்: "கோ ஒய்!" முறை வைத்து அழைக்காமல் நமக்கும் வாய் வராது அல்லவா? ஏனுங்க அக்கா, சொல்லுங்க மாமா என்றே வளர்ந்தவர்கள் நாம். அந்த ஊர் மொழியில் நான் முதலில் உருப்படியாகக் கற்றது இதைத்தான். நீங்களும் விமானத்திலேயே இந்த நாலு சொல்லையும் மனப்பாடம் செய்யுங்கள். "ஹலோ, எக்ஸ்கியூஸ் மீ" என்று கூப்பிடுகிற வெளிநாட்டானுக்குக் கிடைக்கிற கிண்ணம் வேறு, "கோ ஒய்" என்று கூப்பிடுகிறவனுக்குக் கிடைக்கிற கிண்ணம் வேறு.

நான் மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை என்பதை அந்தப் பையன்தான் கோவிடம் சொன்னான். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட நான் அதைத் திருப்பிச் சொல்ல நேரவில்லை. கரண்டியைக்கூட மாற்றி எடுப்பார். உங்கள் பழக்கத்தை வெட்கப்படாமல் முதல் நாளே சொல்லுங்கள், மூஞ்சியைச் சுளிக்காமல் சொல்லுங்கள். வேண்டாம் என்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அருவருப்பைக் காட்டினால்தான் மனசு நோகும். பக்கத்து முக்காலியில் ஒருவர் மாட்டுக்கறிச் சாறு குடித்துக்கொண்டிருப்பார். அது அவர் வீட்டுச் சாப்பாடு, அவர் அம்மா ஊட்டி வளர்த்தது.

தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் கொஞ்சம்தான். "பொ" மாடு. "ஹெயோ" பன்றி. "கா" கோழி. "தித்" என்றால் இறைச்சி. ஆனால் தெற்கில் பான் மீ வண்டியில் வெறும் தித் என்று இருந்தால் பெரும்பாலும் பன்றிதான். ஃபோ என்னும் புகழ்பெற்ற நூடுல்ஸ் சாறு மாட்டெலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்துச் செய்வது. "ஃபோ கா" என்று கேட்டால் கோழி வரும். ஆனால் இரண்டும் விற்கிற கடையில் சாறு ஒன்றாகவே இருக்கக்கூடும், கோழி மட்டும் விற்கிற கடையாகத் தேடுங்கள். பான் மீயின் ஈரல் விழுது பன்றி ஈரல். சோற்றின் மேல் ஊற்றுகிற வெங்காயத்தாள் எண்ணெய் பல இடத்தில் பன்றிக் கொழுப்பு. இதையெல்லாம் வாயால் கேட்டுப் புரியவைப்பது கஷ்டம், அவர்கள் மொழியில் சுரம் மாறினால் சொல்லே மாறிவிடும். ஆலையில் யாரிடமாவது சொல்லி, ஒரு அட்டையில் அவர்கள் எழுத்தில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமாவாசைக்கு நீங்கள் கவலைப்படவே வேண்டாம். இதைக் கேட்டால் உங்கள் அம்மாவுக்குப் பாதிக் கவலை தீரும். சந்திரக் கணக்கில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியிலும், புத்த வழியைப் பின்பற்றும் ஏராளமான வியட்நாமியர்கள் சைவம் சாப்பிடுகிறார்கள். அதற்குச் சொல் "சாய்". "ஆன் சாய்" என்றால் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். சாய் என்று சொல்லிவிட்டால் இறைச்சி மட்டுமல்ல, மீன் சாறும் போடமாட்டார்கள். கண்டிப்பாக இருப்பவர்கள் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. அந்த நாட்களில் சாதாரணத் தள்ளுவண்டிகளிலும் சாய் என்று பலகை தொங்கும். எங்கள் கோவும் அன்றைக்கு ஒரு குண்டானைச் சாய்க்கு ஒதுக்கிவிடுவார். முதல் அமாவாசையன்று நான் குக்கரைக் கழுவி வைத்துவிட்டுப் போனால், அங்கே எனக்கு முன்னால் பத்துப் பேர் டோஃபுவும் காளானும் போட்ட சாற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு ஊர் ஞாபகம் வந்தது, ஆனால் வருத்தமாக இல்லை.

இனி எதில் ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறேன். அந்நியமானதை நேராகப் போய் முட்ட வேண்டாம். தெரிந்ததை ஒட்டி நகருங்கள்.

பான் ஹோய் என்று ஒன்று உண்டு. அரிசி மாவில் மெல்லிய நூலாகப் பிழிந்து, வேக வைத்து, சின்னச் சின்ன விரிப்பாக மடித்து வைத்திருப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. எங்கள் வீட்டில் நோம்பிக்குச் சந்தகை பிழிகிற நாள் அப்படியே கண் முன்னால் வந்தது. அம்மா மாவு உருண்டையை வேக வைத்துப் போட, அப்பா சந்தகை மரத்தை அழுத்த, நாங்கள் தட்டை ஏந்திக்கொண்டு நிற்போம். நாம் தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றுகிறோம். அவர்கள் வெங்காயத்தாள் எண்ணெய் தடவி, வாட்டிய இறைச்சியோடு சாப்பிடுகிறார்கள். நீங்கள் வாட்டிய கோழி இருக்கிறதா என்று கேளுங்கள், எண்ணெய் இல்லாமல் கேளுங்கள். அந்த நூல் வாயில் போனதும் உங்களுக்கே தெரியும்.

பான் செயோ இன்னொன்று. அரிசி மாவு, தேங்காய்ப்பால், மஞ்சள் கரைத்துச் சூடான வாணலியில் ஊற்றும்போது வருகிற "செயோ" என்ற சத்தமே அதற்குப் பெயர். நாம் "சொய்" என்போம். முறுகலாக, பாதியாக மடித்து, உள்ளே முளைகட்டிய பயறு வைத்து வரும். பொதுவாகப் பன்றியும் இறாலும் வைப்பார்கள். இறால் மட்டும், அல்லது காளான் வைத்துச் சாய் என்று கேட்டு வாங்கலாம். கல்லில் இருந்து நேராக வருவதால் பயமும் குறைவு. அந்த மஞ்சள் நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஈரோட்டுச் சந்தை நினைப்பு வரும் எனக்கு. ஒரு தடவை ஊருக்கு வந்துவிட்டுப் போகும்போது ஈரோட்டு மஞ்சள்தூள் அரைக் கிலோ வாங்கிப்போய்க் கோவிடம் கொடுத்தேன். அவர் மோந்து பார்த்தார், விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். மறுநாள் பான் செயோ வழக்கத்தைவிடச் சிவந்த மஞ்சளாக இருந்தது. வருகிறவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று முழுதாகப் புரியவில்லை. அன்றைக்கு என்னிடம் காசு வாங்கவில்லை.

கம் தாம் என்பது நொய்யரிசிச் சோறு. உடைந்த அரிசியை ஏழைகள் சாப்பிட்டு, பிறகு அதுவே சைகோனின் பெருமையான சாப்பாடாகிவிட்டது. நொய்க்கஞ்சி குடித்து வளர்ந்தவர்களுக்கு அது புரியும். கோழியும் பொரித்த முட்டையும் வைத்துக் கேளுங்கள். கா ரி கா, பெயரிலேயே இருக்கிறது, கோழிக் கறி. தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டுச் செய்து, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். காரம் நமக்குப் போதாது. ஆனால் நம்மவர்கள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த காலத்தின் ருசி அதில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் தமிழ் வணிகர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் துருவோங் தின் தெருவில் அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. உள்ளே கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் இப்போது வியட்நாமியர்கள். ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள்.

மீன் சாற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பேர் தோற்றுப்போவது அங்கேதான். நுவக் மாம் என்பது சின்ன நெத்திலி வகை மீனையும் உப்பையும் பெரிய மரத்தொட்டியில் போட்டு ஏறக்குறைய ஒரு வருஷம் ஊற வைத்து வடிக்கிற சாறு. ஃபூ கோக் தீவிலும் ஃபான் தியெத்திலும் செய்வது பேர் போனது. நாம் கடற்கரைக்காரர்கள் அல்ல. அணை மீனும் சந்தையில் வாங்கும் கருவாடும்தான் நமக்குப் பழக்கம். அதனால் அந்த வாடை முதலில் கெட்டுப்போன வாடையாகத் தோன்றும். கெட்டது அல்ல. அவ்வளவு உப்பில் கெடுக்கிற கிருமி பிழைக்காது. உங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி வருஷக்கணக்கில் நிற்பதும் உப்பினால்தானே. நேராக மோந்து பார்க்காதீர்கள். எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், பூண்டு, மிளகாய் சேர்த்துக் கலக்கித் தருவார்கள், அதில் தொட்டு ஆரம்பியுங்கள். எனக்கு இரண்டு மாதம் ஆனது. இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கிறது.

நிலக்கடலை யாருக்காவது ஒவ்வாது என்றால் மட்டும் நான் சொன்னதை எல்லாம் மறுபடி யோசிக்க வேண்டும். வறுத்த கடலையை எதன் மேலும் தூவுவார்கள். கடலைக்கு "தௌ போங்" என்று பெயர். அட்டையில் அதையும் எழுதி வாங்குங்கள்.

அம்மாவிடம் சொல்லக் கொஞ்சம். புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே டாக்டரைப் பார்த்து டைபாய்டு ஊசியும் மஞ்சள் காமாலை ஏ வகை ஊசியும் வேண்டுமா என்று கேளுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் பத்து வாங்கிப் பெட்டியில் போடுங்கள். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா வந்தபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இது மாதிரி உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். அதனால் இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். புது ஊரில் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் வயிறு லேசாக இளகுவது உண்டு, தண்ணீர் விடாமல் குடித்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். காய்ச்சல் அடித்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குடித்தது எதுவும் தங்காவிட்டாலோ மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை. கம்பெனி கொடுக்கும் காப்பீட்டு அட்டை எந்த மருத்துவமனைக்குச் செல்லும் என்று முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயம் ஒன்றுதான்: 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலம். இருட்டில் மாறிவிடும். பெரிய நோட்டைத் தனிப் பையில் வையுங்கள். உட்கார்ந்து சாப்பிடுகிற கடையில் மேசை மேல் வைத்த ஈரத்துண்டையும் கடலையையும் பிரித்தால் அதற்கும் கணக்கு வரும். அது ஏமாற்று இல்லை, வழக்கம்.

நீங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஆறரைக்கு அறையை விட்டு இறங்குங்கள். சாப்பிட வேண்டாம், சும்மா நடந்து பாருங்கள். எந்தக் குண்டான் கொதிக்கிறது, யார் கையைக் கழுவுகிறார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை அம்மாமார் எந்த முக்காலியில் உட்கார வைத்து ஊட்டுகிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைக்கு ஊட்டுகிற கடையை நான் எப்போதும் நம்பினேன். இரண்டாம் நாள் அங்கேயே போய் உட்காருங்கள். பெட்டியில் இடம் இருந்தால் பருப்புப்பொடியைக் குறைத்துக்கொண்டு, ஈரோட்டு மஞ்சள்தூள் ஒட்டிய பாக்கெட்டாக இரண்டு வையுங்கள்.